ஆன்லைனில் வாங்கிய மூச்சு

என் நாட்குறிப்பில் அந்தக் கார்த்திகை வெள்ளிக்கிழமைக்கு உரிய பக்கத்தில் வாக்கியமே இல்லை. நேரங்கள் மட்டும் இருக்கின்றன. 11.40 கடை. 11.55 போன். 12.05 வண்டி. 12.31 கிணறு. அதற்குக் கீழே பேனா அழுத்தித் தாள் கிழிந்த ஒரு கோடு. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்தபடி எழுதியவை அவை. கைகளுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

என் தம்பிக்குக் கிணற்றில் மூழ்குவதுதான் தொழில். அரியலூரில் குடியிருக்கிறான். குழாய் அறுந்து மோட்டார் கிணற்றடியில் விழுந்துவிட்டால் அவனைக் கூப்பிடுவார்கள். இடுப்பில் ஒரு கயிறு, சீக்கிரம் மூழ்க ஒரு இரும்புக் கட்டி, கையில் இன்னொரு கயிறு. உள்ளே போய்க் கைக்கயிற்றை மோட்டாரில் கட்டிவிட்டு இரண்டு இழுப்பு இழுப்பான்; இடுப்பில் கனம் இருப்பதால் மேலே இருப்பவர் தூக்கினால்தான் வர முடியும். அவ்வளவுதான் வேலை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிணறுகள் பாறையை வெட்டித் தோண்டியவை. ஐப்பசி மழை பெய்துவிட்டால் நாற்பது, நாற்பத்தைந்து அடித் தண்ணீர் நிற்கும். அடியில் கண் தெரியாது. கைதான் கண்.

இடுப்புக் கயிற்றைப் பிடிப்பவருக்கு ஒரு முறை உண்டு. உள்ளே இருப்பவன் மூச்சை அடக்கும்போது மேலே இருப்பவரும் கூடவே தம் கட்டுவார். தன்னுடைய தம் இரண்டு தடவை தீர்ந்த பிறகும் கயிற்றில் அசைவு வராவிட்டால், கேள்வியே கேட்காமல் வேகமாக இழுத்துவிட வேண்டும். கடிகாரத்தைவிட நெஞ்சை நம்புகிறவர்கள். அந்தக் கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருப்பான் தம்பி. இரண்டு கைகளையும் விரித்து அளந்தால் ஒரு பாகம், அதாவது ஆறு அடி. எத்தனை முடிச்சு தண்ணீருக்குள் போயிருக்கிறதோ அதுதான் ஆழம்.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பாடாலூர்ப் பக்கம் ஒரு கிணற்றில் அவனை அப்படித்தான் இழுத்தார்கள். மேலே வந்தபோது நினைவு இல்லை. மூக்கில் ரத்தம். செய்தி கேட்டு நான் போய்ச் சேர்வதற்குள் வீட்டில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லக்கா. ஒரு நிமிசம் கரண்டு போச்சு, திரும்ப வந்துருச்சு" என்று சிரித்தான்.

அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. பெரம்பலூருக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். மேசையில் உட்கார்ந்து புத்தகம் பதியும்போதும் அவன் இப்போது உள்ளே இருப்பானா, வெளியே இருப்பானா என்றே மனம் கேட்டுக்கொண்டிருக்கும். கடலில் மூழ்குகிறவர்கள் முதுகில் காற்றைக் கட்டிக்கொண்டு போகிறார்களே, இவனும் அப்படிப் போனால் என்ன என்று கேட்டேன்.

அவனுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கிறது. லப்பைக்குடிக்காட்டில் பம்புசெட் சாமான், ஓஸ், கயிறு விற்கிற ஒரு பாய் கடை உண்டு. பாய் பல வருஷம் வளைகுடாவில், கடலில் மூழ்கி வேலை செய்யும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் இருந்தவர். சிலிண்டரில் காற்று நிரப்புவது அவர் வேலை. ஊருக்கு வந்து கடை வைத்தபோது மேல் தட்டில் இரண்டு சிலிண்டர், முகமூடி, மூச்சுக் குழாய் எல்லாம் வைத்திருந்தார். தம்பி ஒருநாள் போய்க் கேட்டுவிட்டுக் கோபமாகத் திரும்பி வந்தான்.

"பொருள் கேட்டா பரீட்சை வக்கிறாருக்கா. வயசு என்ன, காது எப்புடி, யாருகிட்ட கத்துக்கிட்ட, எத்தன அடி... பொண்ணு பாக்க வந்த மாதிரி கேள்வி. கடைசில, பாண்டிச்சேரி போயி நாலு நாளு படிச்சிட்டு வா, அப்புறம் பாக்கலாங்கறாரு. எனக்கு! இருவது வருசமா கெணத்துல கெடக்கறவனுக்கு!"

"விக்க மாட்டேன்னுட்டாரா?"

"கடைல வச்சிக்கிட்டே விக்க மாட்டாராம். அப்ப என்னாத்துக்கு அத மாட்டி வச்சிருக்காரு? திருஷ்டிக்கா?"

அதன் பிறகு நான்தான் ஆரம்பித்தேன். போனில் தேடினால் வரிசையாக வந்தது. தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன சிலிண்டர், தண்ணீர்ப் பாட்டில் அளவுதான். காற்று ஏற்றக் கைப்பம்பு கூடவே வரும். பத்து நிமிஷம் மூச்சு விடலாம் என்று போட்டிருந்தது. நான் எதையும் ஆராயாமல் வாங்குகிறவள் இல்லை. குறிப்பேட்டில் கோடு போட்டு, இடப்பக்கம் ஆன்லைன், வலப்பக்கம் கடை என்று எழுதினேன். இடப்பக்கம் நீண்டுகொண்டே போனது. நான்கு நாளில் வீட்டுக்கு வரும். பிடிக்கவில்லை என்றால் ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பலாம். வாங்கினவர்கள் எழுதிய கருத்துகள் பக்கம் பக்கமாக இருந்தன. மூன்று இரவு உட்கார்ந்து படித்தேன். நீச்சல் குளத்தில் போட்டுப் பார்த்தவர்கள், பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவர்கள், படகின் அடியைச் சுரண்டியவர்கள் எல்லோரும் எழுதியிருந்தார்கள். கிணற்றில் இறங்கியதாக ஒருவர்கூட எழுதவில்லை. அதை நான் கவனித்தேன். குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வலப்பக்கத்தில், கடைக்குக் கீழே, குறைகள் என்று எழுதியதில் கடைசி வரி இது: "கேள்வி கேட்கிறார்."

பார்சல் ஒரு புதன்கிழமை வந்தது. நூலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு அரியலூர் போனேன். பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள், எறும்பு எழுத்தில். முழுவதையும் வாசித்து அவனுக்குத் தமிழில் சொன்னேன். சூட்டில் வைக்காதீர்கள். எண்ணெய் படாமல் பாருங்கள். எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதீர்கள்.

இந்த இடத்தில் தம்பி கைதட்டிச் சிரித்தான். "தம் கட்டக் கூடாதுன்னுதானே இந்தச் சனியன வாங்குனதே! இதயும் எழுதி வச்சிருக்கான் பாரு."

நானும் சிரித்தேன். ஏன் அடக்கக் கூடாது என்று தாளில் இல்லை. காரணம் இல்லாத வரியைப் பார்த்தால் காரணம் தேடுவது என் பழக்கம். அன்று தேடவில்லை. என் பயத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் இருந்தேன்.

பிறகு பம்பு அடித்தோம். வாசலில் நின்று முறைவைத்து அடித்தோம். அவன் நூறு, நான் முப்பது.

"ஏங்க்கா, இதுக்கு மாவாட்டப் போலாம் போலருக்கே."

"வாய மூடிக்கிட்டு அடிடா."

"வாய மூடுனா தம் கட்டுன மாதிரி ஆயிரும். தாள்ல கூடாதுன்னு போட்டுருக்கு."

அவன் மனைவி திண்பண்டத் தட்டோடு வந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தாள். காற்றளவு காட்டும் முள் பச்சையைத் தொட்டதும் தண்ணீர் நிரப்பிய நீல டிரம்முக்குள் முகத்தை விட்டுக்கொண்டு மூச்சு விட்டான். குமிழி பொங்கிப் பொங்கி வந்தது. என் கைக்கடிகாரத்தில் நான்கரை நிமிஷம். பத்து இல்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். காரணம், கழுத்துப் பக்கம் லேசாக உஸ்ஸென்று காற்று கசிந்தது. உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் சரியில்லை; அளவுக்காக அதைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

"வெள்ளிக்கெழம எனக்கு லீவு. வேற வளையம் வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் இதத் தொடக் கூடாது. சரியா?"

"சரிங்க டீச்சர்" என்றான்.

வெள்ளிக்கிழமை லப்பைக்குடிக்காட்டில் பஸ் இறங்கிக் கடைக்குப் போனபோது 11.40. அந்த அளவு வளையம் பாய் கடையில்தான் கிடைக்கும் என்று பெரம்பலூர்க் கடைக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். மதியம் ஜும்மா தொழுகைக்கு முன் கடை மூடிவிடுவார்கள் என்பதால் நேரே போனேன். அறுபதை நெருங்கும் வயது, வெள்ளைத் தொப்பி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்தார். பழைய வளையத்தைக் கொடுத்தேன். விரலில் உருட்டிப் பார்த்தார்.

"இது பம்புசெட்டுது இல்லியேம்மா. காத்து சிலிண்டர்து. யாரு இதுல மூச்சு விடறது?"

மறைக்க ஒன்றும் இல்லை. தம்பியைச் சொன்னேன். அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"அந்தக் கோவக்காரத் தம்பியா? கடைசில எங்கியோ வாங்கிட்டாரா?"

"ஆன்லைன்ல நான்தான் வாங்கிக் குடுத்தேன் பாய். சும்மா தம் கட்டியே எறங்கிக்கிட்டு இருந்தான். அதான் பயந்துகிட்டு..."

"எவ்ளோ நேரம் கட்டுவாரு?"

"ரெண்டரை நிமிஷம் பாய்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் வளையத்தைக் கல்லாமேல் வைத்துவிட்டார். கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை நன்றாகப் பார்த்தார்.

"அதாம்மா எனக்கு பயம். தம் கட்டத் தெரியாதவன் கீழ மூச்சு வுட்டா, பயத்துல மேலயும் மூச்சு வுட்டுக்கிட்டே வந்துருவான். தம் கட்டற ஆளு வுட மாட்டான். கடைசியா ஒரு இழுப்பு இழுத்து, வாயை இறுக்கி மூடிக்கிட்டு, வெரசா மேல வருவான். இருவது வருசப் பழக்கம் அது."

"வந்தா என்ன பாய்?"

வலது கையை இறுக மூடி மார்பின்மேல் வைத்தார். "கீழ நாப்பது அடில இழுக்கற காத்து அமுங்குன காத்து. மேல வர வர அது விரியும்." மூடிய விரல்களை மெல்ல மெல்ல விரித்தார். "வுட்டுக்கிட்டே வந்தா ஒண்ணும் இல்ல. மூடிக்கிட்டு வந்தா நெஞ்சுக்குள்ளாறயே கிழிச்சிரும். கடைசி பதினஞ்சு அடிதான் ரொம்ப மோசம். மேல வந்து ஒரு வார்த்த பேசிட்டு வுழுந்து, அங்கியே உசுரு போயி மவுத்தான ஆள நான் என் கண்ணால பாத்துருக்கேன். அங்க கம்பெனில மொத நாளு மொதப் பாடமே இதான்."

எறும்பு எழுத்தில் இருந்த வரி எனக்கு முன்னால் வந்து நின்றது. எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதீர்கள். நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பும் கேட்டது.

"அன்னிக்கி ஏன் விக்க மாட்டேங்கறேன்னு அவரு கேக்கவே இல்லம்மா. கோவிச்சிக்கிட்டுப் போயிட்டாரு. நானும் வாசலுக்கு ஓடிப் போயாவது சொல்லிருக்கணும். யாவாரத் திமிருன்னு வச்சிக்குங்க. இப்ப வூட்லதான இருக்காரு?"

11.55. தம்பியின் போன் அடித்து அடித்து நின்றது. மறுபடி அடித்தேன். அவன் மனைவிக்கு அடித்தேன்.

"காலைலயே போயிட்டாங்க அண்ணி. குன்னம் தாண்டி ஒரு வெங்காயக் காட்டுக் கெணறாம். அந்தப் புது டப்பாவயும் எடுத்துக்கிட்டுதான் போனாங்க. சைக்கிள் டியூப வெட்டி ஏதோ வளையம் போட்டாங்க, காத்து நின்னுருச்சாம். ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

கிணற்றின் அடையாளத்தை அவளிடம் கேட்டுப் பாயிடம் சொன்னேன். பாய் ஷட்டரை இழுத்துவிட்டுப் பழைய வேனின் சாவியை எடுத்தார். பள்ளிவாசல் பக்கம் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவரையும் ஒருவர் கூப்பிட்டார்.

"தொழுகை நேரமாச்சே பாய்" என்றேன்.

"ஜும்மா தவறுனா, அப்புறமா ளுஹர் தொழுகையாத் தொழுதுக்கறேன். ஏறுங்கம்மா."

அந்த இருபத்தாறு நிமிஷத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. போனை அடிப்பதும் நேரத்தைக் குறிப்பதும் தவிர வேறொன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் கடைசிவரை அடித்து நின்றது. எடுக்காத போன் என்றால் இரண்டே அர்த்தம்தான். அவன் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே இருக்கிறான். அல்லது வெளியே கிடக்கிறான், யாரும் போனைப் பார்க்கிற நிலையில் இல்லை. அவனைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் வாங்கினேன். நானே தேடி, நானே படித்து, நானே பட்டனை அழுத்தி. என்னை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. முகவரி சரியா என்று மட்டும்தான் போன் திரை கேட்டது.

அவன் மனைவி சொன்ன அடையாளத்தில் இரண்டு இடத்தில் விசாரித்து மண் பாதையில் திரும்பினோம். வெங்காயப் பாத்திகள் காய்ந்து வெளுத்திருந்தன. அவற்றுக்கு நடுவே கிணறு. தோட்டக்காரரும் அவர் அண்ணனும் விளிம்பில் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கைப்பிடிச் சுவர்மேல் மடித்த சட்டை, அதன்மேல் போன். என் பெயர்தான் திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

"உள்ள இருக்கானா?" என்று கத்தினேன்.

"இருக்காருங்க. மோட்டாரக் கட்டியாச்சுன்னு கயித்த ஆட்டிட்டாரு. இப்பதான் மேல தூக்கச் சொல்லி ரெண்டு இழுப்பு இழுத்தாரு" என்று சொல்லிக்கொண்டே தோட்டக்காரர் கை மாற்றிக் கை மாற்றி வேகமாக இழுத்தார். சொல்லி முடித்ததும் மறுபடி கன்னத்தை உப்பிக்கொண்டார். அவரும் தம் கட்டிக்கொண்டிருந்தவர்தான்.

"மெதுவா! மெதுவா இழுங்க!"

"மெதுவா இழுத்தா செத்துருவாரும்மா!"

பாய் அவரைத் தள்ளிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். "குமிழி வருதா பாரும்மா. குமிழி!"

நான் சுவரில் வயிறு அழுந்தக் குனிந்தேன். பச்சைத் தண்ணீர். கயிறு இறங்கும் இடத்தில் ஒன்றும் இல்லை.

"இவ்ளோ நேரம் ஒலையா கொதிச்சிதுங்க. இப்பதான் நின்னுபோச்சு" என்றார் அண்ணன்.

"வரல பாய்! ஒண்ணுமே வரல!"

ஐந்தாவது முடிச்சு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. இன்னும் இரண்டு பாக்கி. பன்னிரண்டு அடி. பாய் காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு கயிற்றை அப்படியே நிறுத்தினார்.

"என்ன பாய் பண்றீங்க! கொல்லப் போறீங்களா!" தோட்டக்காரர் பாய்ந்து வந்தார்.

"வாயத் தொறக்கட்டும். தொறக்காம மேல தூக்குனா அதுதான் கொல்லும். அஞ்சு எண்றேன். அதுக்கு மேல நிறுத்த மாட்டேன்." பாய் எண்ணத் தொடங்கினார். "ஒண்ணு."

கயிறு துடித்தது. உள்ளிருந்து வெறியோடு இரண்டு இழுப்பு. இழு என்கிறான். என் தம்பி என்னை இழு என்கிறான், நாங்கள் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

"ரெண்டு."

மறுபடி இரண்டு இழுப்பு. தண்ணீர் சும்மா இருந்தது. அந்த நேரத்தில் எனக்கு எந்தப் பக்கம் பயப்படுவது என்றே தெரியவில்லை. தூக்கினாலும் என்னால்தான். நிறுத்தினாலும் என்னால்தான். நானும் மூச்சை அடக்கியிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"மூணு."

கயிறு ஒருமுறை முரட்டுத்தனமாக உதறியது. அடுத்த நொடி தண்ணீர் வெடித்தது. பெரிய பெரிய குமிழிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பொங்கிப் பொங்கி.

"வருது பாய்! வருது! வருது!"

"இழு!" என்றார். நான்கு பேரும் சேர்ந்து இழுத்தோம்.

தலை வெளியே வந்தபோது அவன் திட்டிக்கொண்டிருந்தான். தண்ணீருக்குள்ளேயே ஆரம்பித்திருக்கிறான். கயிற்றைப் பிடித்து நிறுத்தியவனின் மூன்று தலைமுறையையும் இழுத்து, இங்கே எழுத முடியாத வார்த்தைகளால், வாயில் கவ்வியிருந்த ரப்பரைத் துப்பிவிட்டு முழு மூச்சாகத் திட்டியிருக்கிறான். அந்தக் கோபம்தான் குமிழியாக மேலே வந்தது. சுவருக்கு மேலே என் முகத்தைப் பார்த்ததும் பாதி வார்த்தையில் நிறுத்தினான்.

"நீ எங்கக்கா இங்க?"

"பேசாத. இல்ல, பேசு. பேசிக்கிட்டே இரு" என்றேன். மேலே வந்து ஒரு வார்த்தை பேசிவிட்டு விழுந்த ஆளைப் பற்றி பாய் சொன்னது காதில் இருந்தது.

அவன் விழவில்லை. ஆனால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினான். எச்சிலில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. கழுத்தைத் தொட்டால் தோலுக்கு அடியில் பொரி நொறுங்குவதுபோல் இருந்தது. பாய் தொட்டுப் பார்த்துவிட்டு வேனின் கதவைத் திறந்தார். அரியலூர் ஆஸ்பத்திரி வரைக்கும் அவனை மல்லாக்கப் படுக்க வைத்து, வாயைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி, என் கையை அவன் மார்பின்மேல் வைத்துக்கொண்டு போனேன். ஏறுகிறது, இறங்குகிறது. ஏறுகிறது, இறங்குகிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலிலிருந்து கொஞ்சம் காற்று வெளியே கசிந்து கழுத்துக்கு ஏறியிருக்கிறது, தானாக அடங்கும், ரத்தக்குழாயில் ஏறியிருந்தால் பிழைத்திருக்கவே மாட்டான் என்றார். மூன்று நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணினேன்.

"நாலாவது அஞ்சாவதுன்னு எழுதி வச்சிக்கிறியாக்கா?" என்று கிண்டல் செய்தான். எழுதித்தான் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் என் போனில் செய்தி வந்தது. நீங்கள் வாங்கிய பொருள் பிடித்திருக்கிறதா, எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. முகவரிக்குப் பிறகு அது என்னிடம் கேட்ட முதல் கேள்வி. நட்சத்திரத்தைத் தொடாமல் எழுதினேன்: "கிணற்றில் தம் கட்டிப் பழகியவர்கள் இதை வாங்க வேண்டாம். மேலே வரும்போது மூச்சை விட்டுக்கொண்டே வர வேண்டும். அடக்கினால் நுரையீரல் கிழியும்." நட்சத்திரம் கொடுக்காமல் அனுப்ப முடியாது என்றது. ஒன்று கொடுத்தேன். ஆயிரக்கணக்கான கருத்துகளுக்கு அடியில் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கும்.

சிலிண்டரைத் திருப்பி அனுப்ப நினைத்தபோது ஏழு நாள் தாண்டிவிட்டிருந்தது. காற்றை வெளியேற்றி, பாயிடம் கொடுத்துவிட்டேன்.

மார்கழி கடைசி வெள்ளியன்று தம்பியை அழைத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். வர மாட்டேன் என்று அடம்பிடித்தவன், கடை வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். பாய் அதே கேள்விகளை முதலிலிருந்து கேட்டார். வயசு என்ன, காது எப்படி, எத்தனை அடி. இந்த முறை ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான்.

"விப்பீங்களா பாய்?"

"இன்னும் இல்ல தம்பி. மொதல்ல ஒங்க வாயத் தொறக்கக் கத்துக் குடுக்கணும். கெட்ட வார்த்த இல்லாம."

கடைக்குப் பின்னால் ஒரு டிரம்மில் தண்ணீர் இருந்தது. வெறும் வாயோடு முகத்தை உள்ளே விட்டு, தலையைத் தூக்கும்வரை 'ஆ' என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் பாடம். தம்பி குனிந்தான். முதல் முறை பழக்கத்தில் வாயை மூடிக்கொண்டான். பாய் முதுகில் ஒன்று வைத்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் வந்து நின்று சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. டிரம்மின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றேன். இரண்டாவது முறை முகம் உள்ளே போனது. ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. பிறகு, ஓரமாக, ஒரு சின்னக் குமிழி.